நூறு கிலோமீட்டர் விதி

ஜூன் 4

தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஆறாவது மாதத்தில் எனக்கு வீட்டுப்பாடம். சரி, எழுதுகிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் தயிர்ச் சோறு, இடையில் திவாகர் சாரின் உபதேசம். இதில் செரிக்காமல் நிற்பது எது என்று டாக்டரம்மாவே கண்டுபிடிக்கட்டும்.

திவாகர் சார் எங்கள் நிறுவனத்தின் தலைவர். கிண்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறோம். இப்போது கிடைத்திருப்பது ஆஸ்பத்திரி வேலை. தென்மாவட்டங்களில் இருபத்திரண்டு தாலுகா ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த ஊர்ச் சனங்கள் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து மேப்பில் எல்லை வரைந்து கொடுக்க வேண்டும். சொந்த எல்லைக்குள்ளிருந்து போதுமான பெண்கள் வராத ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிப் பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்த்துவிடுவார்களாம். மூடுவது என்று யாரும் சொல்வதில்லை. 'ஒருங்கிணைப்பு' என்கிறார்கள். வாயில் வெண்ணெய் தடவிக்கொண்டு பேசுவதற்கென்றே படித்தவர்கள்.

எல்லை வரைவது நான். கணினியில் மேப் போடுவதில் இந்த அலுவலகத்தில் எனக்கு நிகர் ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, மற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜூன் 9

ஆஸ்பத்திரிகளிலிருந்து இரண்டு வருடப் பிரசவ விவரம் வந்து சேர்ந்தது. வயது, முகவரி, எத்தனையாவது பிரசவம், சுகப்பிரசவமா ஆபரேஷனா. ஒவ்வொரு பெண்ணும் மேப்பில் ஒரு புள்ளி. புள்ளிகள் அடர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி எல்லைக் கோடு. அவ்வளவுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்த விவரத்தைத் தட்டியவர்கள் பாதித் தூக்கத்தில் தட்டியிருக்கிறார்கள். வயது முந்நூற்றுப் பன்னிரண்டு என்று ஒருத்தி. ஐந்தாவது பிரசவம் என்று போட்டுவிட்டு 'பெயர்: முருகேசன்' என்று இன்னொன்று. மகாராசன் நன்றாக இருக்கட்டும்.

அம்மா போன் செய்தாள். "ஏட்டி கனி, வளைகாப்புக்கு நாள் பாத்தாச்சு. ஆனிக்குள்ள முடிச்சிருவோம். ஆடி வந்தா ஒண்ணும் செய்ய ஏலாது. வளையலப் போட்டு நேரா நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்திருவேன்."

"நான் வரலைம்மா. இங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு."

"தலப்பிரசவம் தாய் வீட்லதான். எந்தச் சீமையில மாமியா வீட்ல பெறுதாக?"

அம்மா சத்துணவுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் ஊற்றியவள். அவள் குரலுக்குப் போனே தேவையில்லை, செங்கரட்டிலிருந்து நேரடியாகவே கிண்டிக்குக் கேட்கும்.

ஜூன் 13

இன்று குப்பை கூட்டினேன். பெருமையாக இருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

செங்கரடு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் திருப்பூர், கோயம்புத்தூர், ஓசூர், சென்னை என்று முகவரி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பூரிலிருந்து பெண்கள் பிரசவத்துக்கு வருகிறார்களாம்! அங்கே மருந்து எழுதிக் கொடுக்கத் தாள் இருந்தாலே பெரிய விஷயம். வலி எடுத்தவள் முந்நூறு கிலோமீட்டர் தாண்டி அங்கே எதற்கு வருவாள்? முகவரியைப் பார்த்துத் தட்டச் சொன்னால் வாய்க்கு வந்ததைத் தட்டியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு விதி வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் முகவரி இருந்தால் பிழையான முகவரி, நீக்கு. ஒரே தட்டு. இருபத்திரண்டு மேப்பும் பளிச்சென்று ஆகிவிட்டன. திவாகர் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் கனி. 'ஹண்ட்ரட் கிலோமீட்டர் ரூல்'னு பேர் வச்சிடலாம். நம்ம கம்பெனியோட தனி முறைன்னு ப்ரெசெண்டேஷன்ல போடறேன்" என்றார். நான் கண்டுபிடித்ததற்கு அவர் பெயர் வைக்கிறார். பெயர் வைக்கத்தான் சம்பளம் வாங்குகிறார்.

சாப்பாடு: மறந்துவிட்டது.

ஜூன் 20

விதிப்படி ஏழு ஆஸ்பத்திரிகள் தேறவில்லை. ஏழில் செங்கரடும் ஒன்று. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் அரியநல்லூர் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அதோடு சேர்ந்துவிடும். சொந்த ஊர் என்று நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வேறு யாராவது இருந்தால் ஊர்ப்பாசத்தில் கோட்டை இழுத்துவிட்டிருப்பார்கள்.

இரவு என் கணவர் கௌதமனிடம் சொன்னேன். "உங்க ஊர்ல வார்டை மூடினா அத்தை திட்டமாட்டாங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றே தெரியாது, கம்ப்யூட்டரில் ரோடு போடுகிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜூன் 27

அறிக்கை போய்விட்டது. என் பெயர் உள்ளே பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில். திவாகர் சாரின் படம் முதல் பக்கத்தில் கால் பக்கம்.

ஜூலை 5

வளைகாப்பு. கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, ஐந்து வகைச் சோறு, எல்லாம் சம்பிரதாயப்படி. மாமியார் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமும் அம்மா பஸ் பிடித்து அழைத்து வந்த சொந்தங்கள் ஒரு பக்கமும் நின்று யார் கன்னத்தில் யார் அதிகம் சந்தனம் பூசுவது என்று போட்டி போட்டார்கள். சந்தனம் எல்லாம் என் கன்னத்தில். 'பத்து நாள் போய்விட்டு வந்துவிடுகிறேன்' என்று கௌதமனிடம் சொன்னேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். "இந்த மாதிரி நேரத்துல வேலை எதுக்கு?" என்று மாமியார் கேட்டார். வேறு எந்த மாதிரி நேரத்தில் கேட்காமல் இருந்தார் என்று நினைவில்லை.

ஜூலை 7

செங்கரடு. ஒன்றும் மாறவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஜூலை 16

பத்து நாள் முடிந்து கிளம்ப வேண்டியவள் நான். கால் இரண்டும் வீங்கிவிட்டன. அம்மா கைப்பிடியாக அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பிபி நூற்று நாற்பதைத் தாண்டியிருக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு லேடி டாக்டர், என்னைவிடச் சின்னவர், முகத்தில் தூக்கமே இல்லாதவர். "ரயில், பஸ் எதுவும் வேணாம். பிரசவம் வரைக்கும் இங்கயே இருங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் பிபி ஏறியதற்கு ஊருக்கே மிட்டாய் கொடுப்பாள் போலிருந்தது.

சென்னை டாக்டரிடம் போனில் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். எல்லாரும் கூட்டுச் சதி.

ஜூலை 23

செக்கப். அட்டை போடும் இடத்தில் நின்ற சிஸ்டரின் பெயர் ஜெபமணி. குண்டூசி தலைப்பில் குத்தியிருக்கும், குரல் அதைவிடக் குத்தும்.

"ஆதார் குடும்மா. எந்த ஊரு?"

"இந்த ஊர்தான். வடக்குத் தெரு."

"அட்டையில கொளத்தூருன்னுல்ல போட்டுருக்கு?"

"அது மாமியார் வீடு."

"அட்டையில உள்ளதத்தான் எழுதணும். மெட்ராஸ்னே போட்டுக்கிடுதேன்."

எழுதினார். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெயர் முத்துச்செல்வி, புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அதற்கடுத்தவள் ஓசூர். அதற்கடுத்தவளுக்குக் கோயம்புத்தூரில் வாக்கப்பட்ட இடம். "எல்லாருக்கும் மொதப் பிள்ளையா?" என்று கேட்டேன். "பின்ன? ரெண்டாவதுக்கு எங்கம்மா அங்க வந்து பாக்கேன்னுருச்சு" என்று முத்துச்செல்வி சிரித்தாள். முறுக்கு நீட்டினாள். உப்பு கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், வாங்கித் தின்றேன்.

ஜூலை 24

எழுத ஒன்றுமில்லை. பிபி நூற்று ஐம்பத்திரண்டு.

ஜூலை 26

எழுதிவிட்டுத்தான் தூங்க முடியும் போலிருக்கிறது.

பழைய விவரத்தை லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். நூறு கிலோமீட்டர் விதியால் போனவர்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். எத்தனையாவது பிரசவம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். முதல், முதல், முதல். கீழே இறங்க இறங்க முதல். நடுவில் எங்கோ ஓரிரண்டு இரண்டாவது. இவர்கள் யாரும் முந்நூறு கிலோமீட்டர் வலியோடு வரவில்லை. ஏழாம் மாதமே வளையல் போட்டு, பூ வைத்து, அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள். முகவரி மட்டும் புருஷன் வீட்டில் இருந்தது. தட்டியவர்கள் சரியாகத்தான் தட்டியிருக்கிறார்கள்.

வேலை வெட்டி இல்லாத ஊர்களில்தான் இது அதிகம். பெண்களை வெளியூரில் கட்டிக்கொடுத்த ஊர்கள். ஏழு ஊர்களும் அப்படிப்பட்டவைதான். அந்த ஊர் மகள்கள் எல்லாரையும் பிழை என்று கூட்டித் தள்ளியாகிவிட்டது.

ஒரு மாதம் முழுக்க அம்மா தினம் போனில் கத்தியது என் காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. அது குடும்பத் தொல்லை, இது டேட்டா என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 28

திவாகர் சாருக்குப் போன் செய்தேன். விளக்கினேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ரிப்போர்ட் சைன் ஆயிடுச்சு கனி. மேல ரொம்ப ஹேப்பி. ரூலை அடுத்த மாநிலத்துக்கே விக்கலாம்னு பேசிட்டு இருக்கோம்."

"சார், ரூலே தப்பு."

"ரூல் உங்களோடதுதானே?"

அதுவரை அது கம்பெனியின் தனி முறையாக இருந்தது. ஒரு நிமிடத்தில் எனக்கே திரும்பி வந்துவிட்டது. திவாகர் சாரின் தாராள மனசு.

ஆகஸ்ட் 3

நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துப் புது மேப் போட்டேன். முதல் பிரசவத்துக்கு வந்தவர்களைத் தாய்வீட்டுக் கணக்கில் வைத்தால் ஏழு ஆஸ்பத்திரியும் தேறுகின்றன. செங்கரடு, வேம்படிக்குளம், மற்ற ஐந்தும். அரியநல்லூரைவிடச் செங்கரட்டில் முதல் பிரசவம் அதிகம். அனுப்பினேன். பதில் இல்லை.

அம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "அப்பிடி என்னதாம்ட்டி அந்தப் பொட்டியில இருக்கு? தெனம் அதத்தான் முறைச்சிக்கிட்டு இருக்கே" என்றாள். ஆஸ்பத்திரி விஷயம் என்றேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். நம்ம ஊர்தான், மூடப்போகிறார்கள் என்றேன். ஒத்தடத் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"மூடுதாகளா? எந்தக் கழிசடை மூடச் சொன்னது?"

தூக்கம் வருகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8

திவாகர் சார் கூப்பிட்டார். தேன் ஒழுகியது.

"கனி, செங்கரடு உங்க சொந்த ஊர்னு தெரிஞ்சுது. சொல்லியிருக்கலாம்ல? உள்ளூர் சூழ்நிலைன்னு ஒரு குறிப்பு போட்டு அதை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன். மேல பேசிட்டேன். மத்த ஆறை மட்டும் கிளறாதீங்க. முறையே தப்புன்னு ஆச்சுன்னா நம்ம கம்பெனியே போச்சு. உங்க லீவ், சம்பளம் எல்லாமே சிக்கலாயிடும். இந்த நேரத்துல உங்களுக்கு டென்ஷன் எதுக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9

சரி என்று சொல்லிவிட்டேன். பிபி நூற்று நாற்பத்தாறு. கீரை, முருங்கைக்காய், இரண்டு சப்பாத்தி.

ஆகஸ்ட் 14

செங்கரடு பட்டியலில் இல்லை என்று திவாகர் சார் குறுஞ்செய்தி அனுப்பினார், கட்டைவிரல் பொம்மையோடு.

மற்ற ஆறு ஊர்களுக்கும் எம்.எல்.ஏ. இருக்கிறார்கள், பஞ்சாயத்துத் தலைவர்கள் இருக்கிறார்கள், விடிந்தால் மறியலுக்கு உட்காரச் சங்கங்கள் இருக்கின்றன. அவரவர் ஊரை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு நான் எத்தனை ஊரைச் சுமப்பேன்? எல்லாரும் ஒருத்தி தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

அம்மாவிடம் ஆஸ்பத்திரியை மூடவில்லை என்று மட்டும் சொன்னேன். "நீ சொன்னதுனாலயா?" என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். "ம்" என்றேன். சாயங்காலத்துக்குள் வடக்குத் தெரு, கீழத் தெரு, ரேஷன் கடை எல்லா இடத்துக்கும் செய்தி போய்விட்டது. கம்ப்யூட்டரில் ரோடு போடுகிறவளுக்குப் பதவி உயர்வு.

ஆகஸ்ட் 22

செக்கப்புக்குப் போனால் சிஸ்டர் ஜெபமணி நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "நம்ம வார்டக் காப்பாத்துனது நீங்கதானாமே? ஆண்டவர் ஒங்களுக்கு நல்ல பிள்ளையக் குடுப்பாரு" என்கிறார். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். முத்துச்செல்விக்கு ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். எனக்கு இந்த மரியாதை ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு குத்தலாகப் பேசினாரே, அதுவே தேவலாம்.

செப்டம்பர் 2

ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு வார்டும் ஒருங்கிணைந்துவிட்டன. தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்விசிறி கேட்டால் மூன்று வருடம் ஆகும். மூடச் சொன்னால் மறுமாதமே பூட்டு வந்துவிடுகிறது. மறியல் எதுவும் நடந்ததாகப் பேப்பரில் இல்லை. தினமும் எல்லாப் பக்கமும் பார்க்கிறேன்.

செப்டம்பர் 11

கௌதமன் வந்திருக்கிறார். அம்மா மாப்பிள்ளைக்குக் கோழி அடித்தாள். எனக்கு உப்பில்லாக் கஞ்சி. "முகமே சரியில்லையே, பயமா இருக்கா?" என்று கேட்டார். பிரசவத்தைப் பற்றிக் கேட்கிறார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 20

பெண் குழந்தை. பதினேழாம் தேதி பிறந்தாள். நல்ல எடை, நல்ல தொண்டை. நான் பிழைத்துக் கிடக்கிறேன். உட்கார முடிகிற இன்றைக்குத்தான் இதை எழுத முடிகிறது.

பதினேழாம் தேதி காலையில் வலி எடுத்தது. மதியம் பிரசவ அறைக்குள் கூட்டிப் போனார்கள். ஒரே கட்டில், ஒரே டாக்டர். நான் ஏறிப் படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. சாமான் ஏற்றும் வண்டி. அதன் பின்பக்கத்தில் பாய் விரித்து ஒரு பெண்ணைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைத் தலை தெரிகிறது என்று யாரோ கத்தினார்கள். சிஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். "கொஞ்சம் எறங்கிக்கிடுங்கம்மா. ஒங்களுக்கு நேரம் இருக்கு. அதுக்கு இல்ல."

இறங்கினேன். வெளியே பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

"வலியோட கெடக்க பிள்ளைய எறக்கி விடுதீகளே, நியாயமா? எந்த ஊர்க்காரிக இவளுக? இவுக ஊர்ல ஆஸ்பத்திரி இல்லியா?"

வண்டியோடு வந்தவள் அந்தப் பெண்ணின் அம்மா. சேலையெல்லாம் இரத்தம். பெயர் சீனியம்மா என்று பிறகு தெரிந்தது. சண்டைக்கு வரவில்லை. "வேம்படிக்குளம்மா. அங்க வார்ட மூடிட்டாக. அரியநல்லூருக்குப் போகச் சொன்னாக, அம்புட்டு தூரம் தாங்காதுன்னு டிரைவருதான் இங்கன திருப்புனாரு" என்றாள்.

"மூடிட்டாகன்னா? இதையுந்தான் மூடப் பாத்தாக. எம் மகதான் மேப்பு போட்டுக் காப்பாத்துனா! காப்பாத்துனவளையே பெஞ்சில ஒக்கார வச்சிட்டீகளே!"

"அம்மா, வாய மூடு!" என்று கத்தினேன். வலியில் கத்துவதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

உள்ளே அந்தப் பெண்ணின் சத்தம் உயர்ந்து ஒரேயடியாக நின்றது. பிள்ளைச் சத்தம் வரவில்லை. சிஸ்டர் ஏதோ சொல்வதும் தட்டுவதும் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் எனக்கு வலி வந்ததா போனதா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று நினைத்தேன். பிறகு அழுதது. மெலிந்த அழுகை, ஆனாலும் அழுதது. அம்மா அத்தனை சண்டையையும் மறந்து, "தாயே, பொழைச்சிருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சீனியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எம் மகளுக்கு ஓசூருல கட்டிக்குடுத்த எடம். தலப்பிரசவத்துக்குக் கூட்டியாந்தேன். நான் கூட்டியாராம இருந்துருக்கணுமோ என்னமோ" என்றாள். கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"மேப்பு போடுதவுக நீங்கதானா தாயி? எங்க ஊருக்கும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதிலுக்கா பஞ்சம்? அவள் கோபப்படவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று கேட்கிற குரல் அது. அடுத்த வலி வந்தது. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டேன், வேறு கை பக்கத்தில் இல்லை.

செப்டம்பர் 22

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் சீனியம்மாவின் மகளுக்கு. அவளுக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார். என்னோடு பேச ஆசைப்படுகிறாள். நான் தூங்குவதுபோல் கிடக்கிறேன். கௌதமனிடம் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். "பச்சை உடம்பு, கண்ணு கெட்டுப்போகும்" என்று அம்மா தடுத்தாள். கௌதமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு ஊரையும், சரி என்று நான் தலையாட்டியதையும். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நேராகப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தார். இந்த மனிதரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததில் சிலவற்றை வாபஸ் வாங்க வேண்டும், இன்னொரு நாள்.

செப்டம்பர் 23

சுகாதாரத் துறைச் செயலாளர், மாவட்டங்களின் இணை இயக்குநர்கள் அனைவருக்கும், என் பெயரில், என் சொந்த மெயிலிலிருந்து அனுப்பிவிட்டேன். நூறு கிலோமீட்டர் விதி தவறு, அதை வைத்தவள் நான், நீக்கப்பட்டவர்கள் யார், ஏழு ஊரின் புது மேப், வேம்படிக்குளத்துப் பெண் எப்படி வந்தாள், எல்லாம். திவாகர் சாருக்கும் ஒரு பிரதி, மரியாதைக்கு.

அரை மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. பிறகு குறுஞ்செய்தி வந்தது. மெயிலின் தலைப்பை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார், யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்க்கவில்லை என்பது படித்ததும் தெரிந்தது.

"கனி, குழந்தை பிறந்ததுக்கு வாழ்த்துகள். உங்க மனசு புரியுது. மேல பேசி இன்னும் ரெண்டு ஊரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம். எந்த ரெண்டுன்னு நீங்களே செலக்ட் பண்ணுங்க."

அடுத்த கட்டிலில் சீனியம்மா பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "யாரு தாயி, ஆபீசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.